நகரச் சட்டமும் கால் வேலி நிலமும்

காற்றும் நீரும் நிழலும் போலவே அமைதியும் மக்களுக்குப் பொதுவான உடைமை. ஒருவன் எழுப்பும் ஓசை அவன் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. ஆலையின் புகை அதன் வேலிக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. ஆதலின் மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் இவற்றிற்கு ஒரு சட்டம் வேண்டும் என்பதில் அறிவுடையோர்க்குக் கருத்து வேற்றுமை இராது. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அதற்கு அடுத்த கேள்வி. அச்சட்டத்தை இயற்றியவர் யாவர்? எவருடைய முறையீடு அதன் செவியில் ஏறிற்று? எவர் அதன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர்? இக்கேள்விகளோடு கிள்ளான் முதல் பெட்டாலிங் ஜெயா வரையில் நம் பள்ளத்தாக்கின் வரலாற்றைப் புரட்டினால், ஒரே செய்தி உடை மாற்றி உடை மாற்றித் தோன்றக் காண்கிறோம். நிலமுடையவன் குரலுக்குச் சட்டம் செவி சாய்த்தது. நிலமில்லாதவன் தொல்லையைத் தாங்கிக்கொண்டான்.

உத்தரமேரூரும் உரோமும்

ஊராட்சியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர் முதலில் எடுத்துரைப்பது உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களையே. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, முப்பது குடும்புகளாகப் பிரிந்த ஓர் ஊரில் குடவோலை வழியாக வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம். தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அமர இயலாது. அவன் உறவினர்க்கும் அத்தடை உண்டு. நீர்நிலையும் மரமும் ஊராட்சியின் பொறுப்பு என்பதை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் நாட்டில் உணர்ந்திருந்தனர் என்பது மெய்யே.

ஆயின் அதே கல்லில் உள்ள மற்றொரு பகுதியை மேடைப் பேச்சாளர் படித்துக் காட்டுவதில்லை. குடவோலையில் ஒருவன் பெயர் எழுதப்பெற வேண்டுமாயின், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் அவனுக்கு இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். வேதம் கற்றிருத்தல் வேண்டும். கல்வி மிகுந்தோர்க்கு நிலத்தின் அளவிற் சிறிது தளர்வு உண்டு. அது பிராமணர் சபை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

ஓசைச் சட்டத்தின் கதையும் இதற்கு மாறன்று. கி.மு. 45ஆம் ஆண்டளவில் உரோம் நகரத் தெருக்களில் பகற்பொழுதில் பாரவண்டிகள் ஓடலாகாது என்று ஜூலியஸ் சீசர் விதித்தான். பகலில் நெரிசல் குறைந்தது. வண்டிகள் இரவுக்கு மாறின. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் யுவெனல் என்னும் புலவன், உரோம் நகரில் உறங்குவதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியிருக்கிறது என்னும் கருத்துப்பட எள்ளி எழுதினான். மாளிகையின் உள்ளறையிற் படுத்தவன் உறங்கினான். தெருவோரத்து மாடியில் வாடகைக்கு இருந்தவன் சக்கரங்களின் ஓசையில் விழித்துக் கிடந்தான்.

இலண்டனில் 1864ஆம் ஆண்டு தெரு இசைச் சட்டம் பிறந்தது. கணிப்பொறியின் முன்னோடியாகிய சார்லஸ் பாபேஜ் அதற்காகப் பெரிதும் வாதாடியவர்களுள் ஒருவர். தெருவில் இசைக்கருவி வாசித்துப் பிழைப்பவனை அப்பால் போகும்படி சொல்லும் உரிமையை அது வீட்டுக்காரனுக்கு அளித்தது. அறிஞர் ஒருவர் அமைதியாக எண்ணமிட விரும்புவது குற்றமன்று. ஆலை எந்திரத்தின் பேரோசையில் நாள் முழுதும் நின்று செவி மந்தமான தொழிலாளிக்கு அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை என்பதையே நாம் சுட்டுகிறோம்.

கிள்ளான் வடிகால்

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூர் நெருப்பாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. மறு ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் கூரைகளை விடுத்துச் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைக் கட்டச் செய்தார். அச்செங்கற்களைச் சுட்ட சூளைகளே பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. நகரம் தீயினின்றும் காக்கப்பட்டது. சூளையின் புகையை பிரிக்பீல்ட்ஸ் உண்டது. 1890இல் சானிட்டரி போர்டு எனப்பட்ட சுகாதார சபை கோலாலம்பூரில் அமைந்தது. குப்பை, சாக்கடை, விளக்கு, கட்டடம் ஆகியவற்றைப் பற்றிய விதிகளை அது வகுத்தது. அதன் உறுப்பினர் அனைவரும் நியமனம் பெற்றவர்கள்: வெள்ளை அதிகாரிகளும், உள்ளூர்ச் செல்வர் சிலரும்.

நகரச் சட்டம் எவ்வளவு நன்மை செய்யவல்லது, அதன் எல்லை எவ்வளவு கொடிது என்னும் இரண்டையும் ஒருசேரக் காட்டுவது கிள்ளானின் வரலாறு. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலைக்காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போவதைக் கண்டார். அவ்வாண்டே திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் காய்ச்சலால் முடங்கிற்று. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் கண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார். கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய இரு ஊர்களிலும் 1901இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902இல் 59 பேர். ஒரே ஆண்டில் விளைந்த இம்மாற்றம் உலக மருத்துவ வரலாற்றிற் புகழ்பெற்றது.

ஆயின் வாட்சனின் கணக்கேட்டில் மற்றொரு பத்தியும் உண்டு. நகர எல்லைக்கு வெளியே, அதே கிள்ளான் மாவட்டத்தில், காய்ச்சற் சாவு அவ்வாறு குறையவில்லை. சில ஆண்டுகளில் 1901ஐயும் மிஞ்சிற்று. ரப்பர்க் காடுகள் பெருகியதால் ஆட்களும் பெருகினர் என்பதையும் சேர்த்தே இதனைக் கணிக்க வேண்டும். எனினும் உண்மை இதுதான்: சர்க்காரின் வடிகால் நகர எல்லைக் கல்லோடு நின்றது, அதற்கப்பால் லயங்களில் இருந்தவர் பெரும்பாலும் நம்மவர். வாட்சன் பின்னர்த் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்டங்களின் காய்ச்சலை ஒழிப்பதற்கே செலவிட்டார் என்பதையும் நன்றியுடன் நினைக்கிறோம்.

தோட்டத்தில் நகர விதி வழங்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் லயத்தையும் குடிநீரையும் மருந்தையும் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. காட்டில் துரையின் சொல்லே சட்டம். விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் மணியோசை எந்நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்று லயத்து மக்களைக் கேட்டவர் எவருமில்லை.

தோட்டம் நகரமான கதை

பெட்டாலிங் ஜெயாவே அத்தகைய தோட்டம் ஒன்றிலிருந்து பிறந்த நகரம். கோலாலம்பூரில் வீட்டு நெருக்கடியும் புறம்போக்குக் குடிசைகளும் பெருகியபோது, எபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் புதிய குடியிருப்பு ஒன்றை அமைக்கச் சர்க்கார் முனைந்தது. 1950களின் தொடக்கத்தில், இன்று பழைய நகரம் எனப்படும் பகுதியில் முதல் வீடுகள் எழுந்தன. 1977இல் அது நகராண்மைக் கழகமாயிற்று. 2006ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் மாநகர் என்னும் தகுதி பெற்றது.

அந்நகரைத் திட்டமிட்டோர் குடியிருப்பை ஒரு புறமும் ஆலைகளை ஒரு புறமுமாக எண்ணிட்ட பிரிவுகளாகப் பிரித்தனர். இப்பிரிவினையே ஓசைக்கு எதிரான முதற் சட்டம் எனலாம். எந்திரத்தை அடக்குவதினும் அதனை வீட்டினின்று விலக்கி வைத்தல் எளிது. பின்னாளில் இந்நகரம் இயற்கையைப் பேணும் துறையிலும் முன்னடி வைத்தது. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் வகுத்த திட்டத்தை உள்ளூர்ச் சபைகள்வழி நடத்திப் பார்க்க மலேசியா தேர்ந்தெடுத்த நான்கு சபைகளுள் பெட்டாலிங் ஜெயாவும் ஒன்று. மற்றவை மீரி, குவாந்தான், கிரியான். 2011இல், மழைநீரைச் சேர்த்தும் மின்சாரத்தைச் சிக்கனமாக்கியும் வீட்டைப் பசுமையாக்கியவர்க்கு வீட்டு வரியில் தள்ளுபடி தரும் ஏற்பாட்டை மாநகர் மன்றம் தொடங்கியது. 2017 முதல் சிலாங்கூர் முழுதும் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு கட்டணமும், உணவுப் பொட்டலத்திற்குப் பாலிஸ்டைரின் பெட்டி கூடாதென்னும் தடையும் வந்தன.

இவை நல்ல செயல்களே. ஆயினும் நம் கேள்வியை இங்கும் கேட்போம். வீட்டு வரியில் தள்ளுபடி எவருக்கு? வீட்டு வரி செலுத்துவோருக்கு. வாடகை அறையில் மின்விசிறியைச் சிக்கனமாகச் சுழற்றுவோன் எவ்வளவு இயற்கையைக் காத்தாலும் அவனுக்குத் தள்ளுபடி இல்லை. உத்தரமேரூரின் கால் வேலி நிலம் இங்கே வீட்டு வரிச் சீட்டாக உருமாறி நிற்கக் காண்கிறோம்.

ஓசைக்கு வரம்பு

ஓசையை அளக்கும் அலகு டெசிபெல். அதன் கணக்கு வியப்பானது: பத்து டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும், செவிக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் ஓசையையும் மாசு என ஏற்றுக்கொண்டது. சுற்றுச்சூழல் இலாகா 2004இல் வெளியிட்ட வழிகாட்டியில், நெருக்கமான நகரக் குடியிருப்புக்குப் பகலில் 60, இரவில் 50 டெசிபெல் என்றும், நெருக்கம் குறைந்த குடியிருப்புக்குப் பகலில் 50, இரவில் 40 என்றும் வரம்பு குறிக்கப்பட்டது. அகன்ற மனையில் வாழ்வோனைவிட அடுக்குமாடியில் வாழ்வோன் பத்து டெசிபெல் மிகுதியாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். உள்ள நிலையை ஒட்டியே வரம்பு வகுத்தனர் என்று கூறுவர். உள்ள நிலை ஏழைக்கு இரைச்சலாயிருந்தால் வரம்பும் இரைச்சலாகவே அமைந்துவிடுகிறது.

மற்றொன்றும் காண்க. இரவு என்பது அவ்வழிகாட்டியில் பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை. 1972இல் சுங்கைவேயில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டபின், இப்பள்ளத்தாக்கின் ஆலைகள் பல இரவும் பகலும் முறை மாற்றி ஓடலாயின. தோட்டத்தை விட்டு வந்த நம் பெண்களும் ஆடவரும் அவ்வாலைகளில் இரவெல்லாம் நின்று, பகலில் வந்து படுத்தனர். அவர்களுடைய இரவு சட்டத்தின் கணக்கில் பகல். ஓசைச் சட்டம் எழுதியோர் மேசையைச் சுற்றி இரவு முறைத் தொழிலாளி ஒருவர் அமர்ந்திருந்தால் இக்குறை கண்ணிற் பட்டிருக்கும்.

முறையிடுவதும் எளிதன்று. ஆலையின் ஓசைக்குச் சுற்றுச்சூழல் இலாகா. நடுநிசிக் கூச்சலுக்குப் போலீஸ். நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலை வாரியம். கடை உரிமத்திற்கும் கட்டட வேலைக்கும் நகரசபை. வேலைக்கு ஒரு நாள் விடுப்பெடுத்தால் கூலி குறையும் ஒருவர் இந்நான்கு வாயில்களையும் எப்போது தட்டுவது? தட்டித் திறந்தாலும், நகரசபையின் துணைவிதியை மீறியோர்க்கு 1976ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் அனுமதித்த உச்ச அபராதம் 2,000 வெள்ளி. ஓராண்டு வரை சிறையும் உண்டு. இரண்டாயிரம் வெள்ளி அங்காடிக்காரனுக்கு ஒரு மாதத்துப் பிழைப்பு. வானளாவ மாடி எழுப்பும் கம்பெனிக்கு அது வழிச்செலவு.

சட்டத்தைக் குறைகூறும் நாம் நம்மையும் சற்றே நோக்குதல் நலம். கலியாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியைத் தெருவை நோக்கித் திருப்பி வைப்பது நம்மிடையே ஒரு பெருமையாக வளர்ந்துவிட்டது. இதே வழக்கு தமிழ்நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு கிறிஸ்தவச் சபையின் ஒலிபெருக்கியை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று நீதிமன்றம் கூறிற்று. இத்தீர்ப்பு எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். அவ்வழக்கிலேயே மற்றொரு செய்தியும் வெளிவந்தது: அங்கே இரைச்சலுக்குச் சாலையில் ஓடும் வண்டிகளே காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை கூறியிருந்தது. சபையின்மேல் வழக்குத் தொடுக்கலாம். நெடுஞ்சாலையின்மேல் தொடுப்பது யார்?

காணாமற்போன ஓலை

நம் நகரங்களில் மக்கள் ஓலையிட்டுச் சபையைத் தேர்ந்தெடுத்த காலமும் இருந்தது. 1951இல் ஜார்ஜ் டவுனிலும், 1952இல் கோலாலம்பூரிலும் நகரசபைத் தேர்தல்கள் நடந்தன. இந்தோனேசியாவுடன் மோதல் மூண்ட காலத்தில், 1965 மார்ச்சில், இத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டே உள்ளூர்ச் சபைகளை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைந்தது. அதன் தலைவர் நம்மவராகிய செனட்டர் ஆதி நாகப்பன். நாடெங்கும் சென்று சாட்சியம் கேட்ட அக்குழு 1968இல் தன் அறிக்கையை முடித்தது. குறைகள் பல உண்டு, ஆயினும் மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைகளே வேண்டும் என்பது அதன் முடிபு.

சர்க்கார் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் சட்டம் உள்ளூர்த் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்படி மேயரையும், எட்டுக்குக் குறையாமலும் இருபத்துநான்குக்கு மேற்படாமலும் உறுப்பினரையும் மாநில அரசாங்கமே நியமிக்கும். துணைவிதிகளும் மாநிலத்தின் இசைவு பெற்ற பின்னரே செல்லும். பினாங்கு மாநிலம் 2012இல் தேர்தலை மீட்க ஒரு சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்த்தது. 1890இல் நியமனச் சபையோடு தொடங்கிய வரலாறு சுற்றி வந்து நியமனச் சபையிலேயே நிற்கிறது.

வாக்கு இல்லாத இடத்தில் வசதியுடையோர் வேறு வழிகளில் தம் குரலைக் கேட்கச் செய்கின்றனர். பெட்டாலிங் ஜெயாவின் ஊடே போடவிருந்த கிடெக்ஸ் நெடுஞ்சாலையைக் குடியிருப்போர் எதிர்த்து நின்று 2015இல் கைவிடச் செய்தனர். பிஜேடி லிங்க் என்னும் மற்றொன்றும் 2023இல் கைவிடப்பட்டது. இவை மக்கள் வெற்றிகளே, நாமும் மகிழ்கிறோம். அவர்கட்குக் கூட்டம் கூட்ட நேரமும், மனு எழுத வழக்கறிஞரும், சொந்த வீடும் இருந்தன. நகரின் தென்புறத்தில் தேசா மெந்தாரி போன்ற அடுக்குமாடிகளில், புறம்போக்கிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்து குடியேறியோர்க்கு இம்மூன்றும் அரிது.

புக்கிட் கியாரா

இவ்வேற்றுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, பெட்டாலிங் ஜெயாவின் எல்லையை ஒட்டிய புக்கிட் கியாரா சான்று. அங்கிருந்த ரப்பர்த் தோட்டத்தை 1970களில் சர்க்கார் எடுத்துக்கொண்டது. தொழிலாளர் குடும்பங்கள் நூறளவில் தற்காலிக நீள்வீடுகளில் வைக்கப்பட்டன. நிலையான வீடு வரும் என்று சொல்லப்பட்டது. ஆண்டுகள் நாற்பதாயின. ஒருவழியாக வீடு என்னும் சொல் வந்தபோது, அது ரிம்பா கியாரா என்னும் பூங்காவின்மேல் எட்டு உயர்மாடிச் சொகுசுக் கட்டடங்களோடு சேர்த்துக் கட்டி வந்தது.

பூங்காவை இழக்க விரும்பாத அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் சென்றனர். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அத்தீர்ப்பு, நகர அமைப்புத் திட்டத்தை மேயர் விருப்பம்போல் புறக்கணித்தல் ஆகாது என்றும், முடிவுக்குக் காரணம் கூறும் கடமை அவருக்கு உண்டு என்றும் வரையறுத்தது. பசுமைச் சட்ட வரலாற்றில் இது பெரிய வெற்றி; சட்டமும் நியாயமும் அத்தீர்ப்பின் பக்கமே என்பது நம் கருத்து. ஆயினும் பூங்கா தப்பிய அன்று மாலை, நீள்வீட்டுக் குடும்பங்கள் அதே கூரையின்கீழ்தான் படுத்தன. மரத்தையும் மனிதனையும் எதிரெதிர்க் கட்சியில் நிறுத்தியது திட்டம் வகுத்தோர் செயல். அந்தக் குடும்பங்களை 1970களிலேயே ஒரு சபை கேட்டிருந்தால், பூங்காவுக்கும் வீட்டுக்கும் தனித்தனி இடம் அன்றே கிடைத்திருக்கும்.

நாம் செய்யத்தக்கது

1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம், உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு கட்டடம் எழுமுன் பக்கத்து நிலத்தாருக்கு அறிவித்து, 21 நாட்களுக்குள் மறுப்புச் சொல்ல இடந்தருகிறது. அறிவிப்பு யாருக்கு? பதிவுபெற்ற நில உரிமையாளருக்கு. வாடகையிருப்போன் சுவருக்கு அப்பால் எந்திரம் முழங்கிய பின்னரே செய்தி அறிகிறான். ஆயிரம் ஆண்டு கழிந்தும் கால் வேலி நிலம் கல்லிலிருந்து காகிதத்திற்கு இறங்கியதன்றி மறையவில்லை.

எனினும் திறந்த கதவுகளும் சில உண்டு. அவற்றை நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும். உள்ளூர்த் திட்டத்தின் நகல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் நிலமுடையார், நிலமிலார் என்னும் வேற்றுமையின்றி எவரும் மறுப்பு எழுதலாம். நகரசபையின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று சட்டமே கூறுகிறது; சபை தனித் தீர்மானம் செய்தாலன்றிக் கதவை அடைக்க முடியாது. இப்படிவங்களையும் அறிவிப்புகளையும் தமிழில் எடுத்துரைத்து, இரவு முறைத் தொழிலாளிக்காக மனு எழுதித் தரும் பணியை நம் வாசகசாலைகளும் சங்கங்களும் மேற்கொள்ளல் தகும். ஓராண்டு விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கியின் செலவில் ஓராண்டுக்கான மனுக்களை எழுதி முடிக்கலாம்.

இவை தற்காலத் துணைகளே. தேர்ந்தெடுத்த நகரசபை வேண்டும் என்று ஆதி நாகப்பன் குழு சொன்ன சொல் இன்னும் நிறைவேறாமல் நிற்கிறது. அது நிறைவேறும் நாளில் ஓலை எழுதும் உரிமை வீட்டுக்காரனுக்கு மட்டும் என்று எவரேனும் கூறுவாராயின், உத்தரமேரூர்க் கல்லை முழுதும் படித்த நாம் அதற்கு இணங்கலாகாது. அவ்வூரில் குடியிருப்பவன் என்னும் ஒரு தகுதியே போதும் என்பதை நாம் இன்றே சொல்லத் தொடங்குவோம்.